சுவரைப் பார்த்த டோக்கன்

செத்துப்போன தங்கை இருமும் சத்தத்தில்தான் ஒன்பது வருடமாக ஐடா காலையில் கண் விழித்துக்கொண்டிருந்தாள்.

ஆனி பேயாகி வரவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய பாலகாட் லைன் வீடுகளில், அதே தகரக் கூரைக்குக் கீழே, ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். குக்கரில் மூன்று விசில் விட்டாள். டிவி பார்த்துச் சிரித்தாள். ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் அவள் உயிரோடுதான் இருந்தாள். ஜெபவீட்டுப் பலகையில் மட்டும் செத்திருந்தாள். அந்த ஒரு பலகை போதுமானதாக இருந்தது.

பலகையை வைத்தவர் ஆபிரகாம். மைன்ஸ் ஓடிய காலத்தில் டோக்கன் ரூமில் வேலை பார்த்தவர். இரும்புக் கூண்டான கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை அவரிடம் வாங்கிக்கொண்டு போவான். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அது ஆணிக்குத் திரும்பும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே என்று அர்த்தம். மைன்ஸை மூடியபோது, "இறங்கு" என்றதும் இறங்கியே பழகிய ஒரு ஜனம் திக்குத் தெரியாமல் நின்றது. அவர்கள் வெட்டிய தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. கீழ்ப்படிதல் மட்டும் அவர்களிடமே மிஞ்சியது. சைரன் நின்ற ஊரில் அதை யாருக்குச் செலுத்துவது? ஆபிரகாம் ஒரு தகரக் கொட்டகையில் ஜெபவீடு தொடங்கி, பலகையில் ஆணி அடித்து, ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார். ஐடாவுக்கு முப்பத்தொன்று, ஆனிக்கு முப்பத்திரண்டு.

கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறவரின் டோக்கன் நம்பரைக் காட்டிக்கொண்டு தொங்கும். உலகத்தோடு போனவரின் டோக்கனைச் சபையின் மூப்பர் ஒருவர் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து அந்த ஆள் "கீழே". சபையில் யாருக்கும் அவர் கண்ணில் படமாட்டார், காதில் விழமாட்டார். கீழே மாட்டினவனைத் தேடிப் போனால் போனவனும் மாட்டுவான் என்பது சுரங்கத்தில் கற்ற பாடம். ஆபிரகாம் அதை அப்படியே பரலோகத்துக்கும் பொருத்தினார்.

ஆனி செய்த குற்றம் மனோகரைக் கட்டிக்கொண்டது. அவன் சாமி கும்பிடும் குடும்பத்துப் பையன். ஓசூரில் லாரி ஷெட்டில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். சபை வேண்டாம் என்றது. ஆனி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவள் டோக்கனைத் திருப்பியவர் ஐடாவின் கணவர், மூப்பர் சைலஸ்.

அடுத்த வருடம் அக்கா தங்கை இருவரையும் பெற்ற இன்பராஜ் இறந்தார். தூசி தின்ற நுரையீரல், கடைசியில் மூச்சுக்கு இடமில்லாமல் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஆனியும் வந்து நின்றாள். குழியருகே வந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை; இல்லாதவளை எப்படித் தடுப்பது? அவள் போட்ட மண்ணையும் யாரும் பார்க்கவில்லை. ஐடா பார்த்தாள். பார்த்ததை அன்றே உபவாசம் இருந்து கழுவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐடாவுக்குப் பயிற்சி ஆகிவிட்டது. பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை அவளுக்கு. ஒருநாள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் எதிர் சீட்டில் ஆனி வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் முழங்காலும் முழங்காலும் இடித்தன. ஐடா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே இருட்டு, கண்ணாடியில் ஆனியின் முகம்தான் தெரிந்தது. இறங்கும்போது எதிரில் உண்மையிலேயே யாராவது இருந்தார்களா என்று அவளுக்கே சந்தேகமாகப் போயிற்று. அன்று முழுக்க, தைத்த சட்டைகளில் பிசிறு தேடும் வேலையில் பிசிறெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பியது.

ஏன் கீழ்ப்படிந்தாள் என்று கேட்டால் கர்த்தருக்காக என்றுதான் சொல்வாள். அது பொய்யுமில்லை. ஆனால் அடியில் இன்னொன்று இருந்தது: மகள் நிக்கோல். பத்தொன்பது வயது, டோக்கன் நம்பர் ஐம்பத்தெட்டு.

ஜெபவீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்துவார்கள். மற்றவை சுற்றி நின்று பாடும், நடுவில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. அது கூப்பிடும், சட்டையைப் பிடித்து இழுக்கும், கடைசியில் அழும். அப்போதும் பார்க்காத பிள்ளைக்குப் பரிசு. நிக்கோல் மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கினாள். மூன்றாம் வருடம் நடுவில் நின்று அழுதது அவளுடைய உயிர்த்தோழி. அன்று ஐடா பெருமையோடு கைதட்டினாள். ராத்திரி படுத்த பிறகுதான் அது தோன்றியது. என் டோக்கன் திரும்பினால் இந்தப் பெண் என்னையும் பார்க்கமாட்டாள். அன்றிலிருந்து அந்த நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை.

கடந்த பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை, ரயிலிலிருந்து இறங்கும்போது நெரிசலில் ஐடாவின் கால் பிசகிற்று. சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பிய காற்று வெள்ளைத் தூசியைக் கொண்டுவந்து வாசல்களில் பூசிக்கொண்டிருந்தது. மூன்று மணி இருக்கும்.

டங், டங், டங்.

நிறுத்தம். மறுபடியும் மூன்று.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, சமையலறைச் சுவரின் அடியில் ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் அதில்தான் வரும். அன்று தண்ணீர் விடாத நாள். வெற்றுக் குழாய் மணிபோல் ஒலித்தது. அதை ஒட்டி வைத்த குடத்தில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது.

அந்தத் தட்டு ஐடாவுக்குத் தெரியும். இன்பராஜ் ஒருமுறை கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் ஒன்றரை நாள் மாட்டிக்கொண்டவர். காற்றுக் குழாயைக் கல்லால் தட்டித் தட்டித்தான் மீண்டு வந்தார். மூன்று, நிறுத்தம், மூன்று. உயிரோடு இருக்கிறேன். கேட்டவன் பதிலுக்கு மூன்று தட்டினால், வருகிறோம். சின்ன வயதில் அக்காளும் தங்கையும் இதே குழாயின் இரண்டு முனையில் உட்கார்ந்து அதை விளையாடியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து பக்கத்தில் குக்கர் விசில் இல்லை, டிவி இல்லை. ஐடா அதைக் கவனித்திருந்தாள். கவனித்ததைக் கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் கீழ்ப்படிதல்தான். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட ஆனி குழாயைத் தட்டியதில்லை. ஆகவே இது ஆனி இல்லை. வேறு என்ன, பிசாசா? கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் சைலஸைக் கூப்பிட்டாள். சைலஸ் போய்ப் பாஸ்டர் ஏனோக்கைக் கூட்டிவந்தார்.

ஏனோக், ஆபிரகாமின் மகன். மென்மையான குரல், சொற்பச் சாப்பாடு, காசுக்கு ஆசைப்படாதவர். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதுதான் கொடுமை. ஏமாற்றுக்காரனை என்றைக்காவது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தான் சொல்வதை முழுசாக நம்புகிறவனை எதைக் கொண்டு பிடிப்பது? குழாய் அதிர்ந்தபோது அவர் முகம் வெளுத்தது. கூட வந்த நாலு பேரும் சுவரை விட்டு விலகி நின்றார்கள். ஒருவருக்கும், பக்கத்துக் கதவைப் போய்த் தட்டுவோம் என்று தோன்றவில்லை. அந்தக் கதவு அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"ஐடாம்மா, உலகம் அந்நியக் குரல்ல கூப்புடாது. கூடப் பொறந்தவ குரல்லதான் கூப்புடும்" என்றார் ஏனோக். "கர்த்தர் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நீங்க எந்தப் பக்கம் கீறீங்க?"

நிக்கோல் வாசற்படியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கர்த்தர் பக்கம், ஐயா."

குழாய்மேல் எல்லாரும் கை வைத்தார்கள். கையடியில் அது துடித்தது. ஏனோக் ஜெபித்தார், மற்றவர்கள் பாடினார்கள், சைலஸ் எல்லாருக்கும் மேலே உரக்கப் பாடினார். அரை மணி நேரம் கழித்துத் தட்டு நின்றது. ஸ்தோத்திரம் என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐடா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அந்த ராத்திரி அவள் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நன்றாகவே தூங்கினாள்.

காலையில் இருமல் கேட்காததால் நேரம் கழித்து விழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. அந்த லைனில் முக்கால்வாசி வீட்டில் சபைக்காரர்கள். ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் ஜெபவீட்டுக்குப் போய்விட்டார்கள். கால் பிசகியவளை வீட்டில் இருந்து ஜெபிக்கச் சொல்லிவிட்டு சைலஸும் நிக்கோலும் போனார்கள். தெருவில் ஆளே இல்லை. காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வெள்ளைத் தூசியில் காலடித் தடங்கள் எல்லாம் ஒரே திசையில் போயிருந்தன. ஆனி வீட்டு வாசலில் மட்டும் தடமே இல்லை. தூசி வழவழவென்று படிந்து கிடந்தது, யாரும் வெளியே வரவில்லை, யாரும் உள்ளே போகவில்லை.

டங். டங்.

ஐடா காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

அவள் ஜெபிக்க முயன்றாள். வார்த்தை வந்தது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அந்த மூன்றாவதுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பிசாசாக இருந்தால் எண்ணி முடித்திருக்காதா? உலகத்துக்குக் கை வலிக்குமா? இரண்டோடு சோர்ந்துபோவது யார்? கேள்வி கேட்டே பழகாத ஜனத்தில் பிறந்தவளுக்கு ஒரே மூச்சில் மூன்று கேள்வி வந்துவிட்டது. இனி மூடுவதற்கு வழியில்லை.

அடுப்பங்கரையில் இரும்புக் கரண்டி கிடந்தது. அதை எடுத்தாள். நிக்கோலின் முகம் நினைவுக்கு வந்தது. பரிசு வாங்கிக்கொண்டு, அழுகிற தோழியைத் தாண்டி நடந்துவந்த முகம். கரண்டியைக் கீழே வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

மூன்று தரம் தட்டினாள். அந்த மூன்றாவது அடியில் அவள் செத்தாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆனியின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சபையில் சேராத எதிர் வரிசைப் பார்வதம்மா, பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் பையோடு வந்து இறங்கியிருந்தாள். நொண்டிக்கொண்டே ஐடா அந்தக் கதவை இடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாமே, இன்னிக்கிதான் கண்ணு தொறந்துதா உனுக்கு?" என்றாள். பிறகு ஐடாவின் முகத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு, பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு, ஆட்டோ ஓட்டும் தன் மருமகன் பாபுவைக் கூப்பிட ஓடினாள். பாபு கடப்பாரையால் தாழைப் பெயர்த்தான்.

ஆனி சமையலறைத் தரையில் கிடந்தாள். பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து அங்கேயேதான். போன் எட்டாத அலமாரியில் சார்ஜில் இருந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர், விளிம்பு சப்பையாகி, குழாயோடு ஒட்டியபடி. உதடு வெடித்திருந்தது. ஐடாவைப் பார்த்ததும் கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்தாள், நம்பாதவள்போல.

"வந்துட்டியா. நேத்தே வருவேன்னு நெனச்சேன்."

ஐடா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தொடுகிற தங்கை, உடம்பு கொதித்தது.

"கத்தினா உனுக்குக் கேக்காதுன்னு தெரியும்கா. அதான் அப்பா மாரி தட்டினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நேத்து பாட்டு நல்லாத்தான் இருந்துது. மாமாதான் ஒரு கட்டை மேல போயிகினே இருந்தாரு."

"ஏன்டி நிறுத்தின? நீ நிறுத்தாம இருந்திருந்தா…"

"அவ்ளோ பேரு பயந்துகினு பாடினீங்க. பாவமா இருந்துது."

கோலார் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்றார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கிட்னி நின்றிருக்கும் என்றும் சொன்னார்கள். மனோகர் ஓசூரிலிருந்து வந்து சேரும்வரை ஐடா கூட இருந்தாள். டீ வாங்கிவந்து கையில் கொடுத்து, "குடிங்க அண்ணி" என்றான். அவனோடு பேசியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. சைலஸும் நிக்கோலும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தட்டு.

"ஆனிக்கு ஆப்பரேஷன் பண்ணணுமாம்" என்றாள் ஐடா.

சைலஸ் குழம்பை ஊற்றிக்கொண்டார். கை நிதானமாக இருந்தது. மகளைப் பார்த்து, "உங்கம்மா இருந்தப்போ இதுல கொஞ்சம் புளி கம்மியா போடுவா" என்றார்.

இருந்தப்போ. இரண்டடி தூரத்தில் நிற்கிறவளைப் பற்றி. அவர் குரலில் கோபமே இல்லை, உண்மையான துக்கம் இருந்தது. கண்ணீர்கூட விட்டார். ஐடா போய்ச் சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். முகம் இருந்தது. "நிக்கோல்" என்றாள். நிக்கோல் தண்ணீர் குடித்தாள். டம்ளரில் ஒரு அலைகூட எழவில்லை.

அன்றிலிருந்து ஐடா சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தாள். அங்கிருந்து தன் வீட்டின் சத்தங்களைக் கேட்டாள்: நாற்காலி இழுபடுவது, சைலஸின் ஜெபம், நிக்கோல் தலை வாரும்போது சீப்பு விழுவது. ஆனி ஒன்பது வருடம் கேட்டது இதைத்தான். குழாயடியில் சபைப் பெண்கள் அவள் குடத்தை நகர்த்தவில்லை. அது இல்லாததுபோல் அதன்மேலேயே தங்கள் குடத்தை வைத்தார்கள். ரயிலில் ஒருத்தி நேராக அவள் மடியில் உட்கார வந்தாள். மூன்றாம் நாள், தான் பேசுவது உண்மையில் சத்தமாக வெளியே வருகிறதா என்று ஐடா பார்வதம்மாவிடம் கேட்டாள். "வருது வருது, ஊருக்கே கேக்குது, பேசிகினே இரு" என்றாள் பார்வதம்மா. அந்த ஒரு வாய் இல்லாவிட்டால் அவள் தன்னையே இல்லை என்று நம்பியிருப்பாள். மனுஷியைப் பேயாக்க மந்திரம் எதுவும் தேவையில்லை. அறுபது பேர் ஒரே திசையில் பார்த்தால் போதும்.

ஒன்று மட்டும் அவளை அறுத்தது. நிக்கோல் தெருவில் அவளைத் தாண்டும்போது ஒருநாள்கூட நடை மாறவில்லை. மூன்று வருடப் பரிசு வீணாகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் ஐடா ஜெபவீட்டு வாசலில் நின்றாள். உள்ளே ஏனோக் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் குழியில் ஆனி மண் போட்டது நினைவுக்கு வந்தது. இல்லாதவளை எப்படித் தடுப்பது?

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

யாரும் திரும்பவில்லை. நொண்டிக்கொண்டே நடுவழியில் நடந்தாள், ஏனோக்கின் பக்கத்தில் போய் நின்றாள், பலகைக்கு முன்னால். அவர் குரல் ஒரு நூல் அளவு இளைத்தது, நிற்கவில்லை. பலகையில் இப்போது அவளுடையதையும் சேர்த்து ஏழு டோக்கன் சுவரைப் பார்த்திருந்தன. முப்பத்தொன்றையும் முப்பத்திரண்டையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு ஒன்றாம் நம்பரைப் பிடித்துத் திருப்பினாள். டக்கென்று பித்தளை பலகையில் மோதியது. இரண்டு. மூன்று. எழுந்துவந்து அவள் கையைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவளைப் பார்க்க வேண்டும். சைலஸ் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தார். அவர் நம்பர் ஒன்பது. டக். ஏனோக்கின் நம்பர் நாலு. அது ஏற்கெனவே திரும்பிவிட்டது. டோக்கன் ஒவ்வொன்றும் மோதும்போது ஒரு தோள் குலுங்கியது. சட்டப்படி இப்போது அங்கே ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது. யார் யாரைப் பார்ப்பது என்று புரியாமல் கண்கள் தரைக்குப் போயின. ஏனோக் யாருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தார்? வாக்கியத்தின் நடுவில் அவர் நின்றுவிட்டார். காற்றில் தகரம் மட்டும் அடித்துக்கொண்டது.

கடைசியில் பலகையில் ஒரே ஒரு நம்பர்தான் நேராகத் தெரிந்தது. ஐம்பத்தெட்டு. ஐடா அதைத் திருப்பவில்லை, ஆணியிலிருந்து எடுத்தாள்.

பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்ச். நிக்கோல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பழுக்கில்லாத அதே முகத்தோடு. மடியில் கைகள் விரிந்து கிடந்தன. ஐடா டோக்கனை அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. இத இனிமே நீயே வெச்சிக்க. யார்கிட்டயும் தராத."

நிக்கோலின் கண் அசையவில்லை. பித்தளை அவள் கையில் கிடந்தது. அது அங்கே இல்லை என்றால், அவள் எழுந்து நிற்கும்போது அது தானாகக் கீழே விழும். அவ்வளவுதான் செய்ய வேண்டும்.

ஐடா காத்திருந்தாள், மூன்றாவது தட்டுக்குக் காத்திருந்ததுபோல.

விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.